பட்டியலின் முதல் பெயர்

போன மாதம் எங்கள் தொகுதியின் இப்போதைய நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். அவையில் கேட்க வேண்டிய கேள்விகளை இப்போதெல்லாம் கணினியே எழுதிக் கொடுத்துவிடுகிறதாம். காலை பத்து மணிக்குள் அன்றைக்கு உண்டான கேள்விகளை எல்லாம் இணையத்தில் ஏற்றிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாமாம். "நீங்க கையாலயே எழுதுனீங்களாமே மேடம், ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள். ஒரு கேள்விக்கு ஐந்து வருஷம் ஆனது என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

எனக்கு ஊர் செண்பகனூர். தட்டச்சும் சுருக்கெழுத்தும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேர்வு எழுதிவிட்டுப் பழனியில் ஒரு வக்கீலிடம் வேலைக்குச் சேர்ந்தேன். மேல்மலையில் பூண்டு போடுகிற குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். அவர் தேர்தலில் நின்று ஜெயித்து டெல்லிக்குப் போனபோது என்னையும் உதவியாளராக அழைத்துப் போனார். பத்து வருஷம் உறுப்பினராக இருந்தார். அந்தப் பத்து வருஷமும் அவர் கட்சி எதிர்க்கட்சி. தன் பெயரைப் போட்டு எதையும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருப்பதால், நான் அவரைக் கூப்பிட்டபடியே ஐயா என்று எழுதுகிறேன்.

எதிர்க்கட்சி உறுப்பினரைத் தேடி வருகிறவர்களுக்கு ஒரு ஏமாற்றம் உண்டு. மாறுதல் வாங்கித் தர முடியாது. ஒப்பந்தம் வாங்கித் தர முடியாது. அமைச்சர் வீட்டுக் கதவைத் தட்டினால் திறக்கக்கூட மாட்டார்கள். "நம்ம கையில இருக்கது கேள்வி ஒண்ணுதாம்மா. அதயும் பழுதாக்கிட்டா நமக்குச் சோலியே இல்ல" என்பார் ஐயா.

அந்தக் கேள்விக்கும் முறை உண்டு. பதினைந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும், அதோடு முடிந்தது. நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் அதன்மேல் இரண்டு துணைக்கேள்விகள் கேட்கலாம். ஆனால் யாருடைய கேள்வி மேலே வரும் என்பது குலுக்கலில் இருக்கிறது. மேலே வந்தாலும் கேள்விகளுக்கு ஒதுக்கியது ஒரு மணி நேரம்தான். அதற்குள் நான்கைந்து கேள்விகளைத் தாண்டினால் பெரிது.

நான் முதலில் எழுதிய கேள்வி மலைப்பூண்டு பற்றியது. வெளிநாட்டுப் பூண்டு அண்டை நாட்டு எல்லை வழியாகத் திருட்டுத்தனமாக வந்து இறங்கி மேல்மலைப் பூண்டின் விலையைச் சாய்த்துக்கொண்டிருந்த சமயம். 'விவசாயிகள் கண்ணீர் வடிப்பது அரசுக்குத் தெரியுமா' என்று எழுதியிருந்தேன். ஐயா பேனாவை எடுத்துக் கண்ணீரை அடித்தார்.

"இதுக்கு எந்த இலாகா பதில் சொல்லும்?"

"வேளாண்மைங்கய்யா."

"வேளாண்மைக்காரன் இது எல்லையில நடக்குதும்பான். எல்லைக்காரன் இது வெளியுறவும்பான். மூணு பேருக்கும் மூணு கேள்வி எழுது. ஒருத்தன் சொல்றத வச்சு இன்னொருத்தனக் கேப்போம்."

வீட்டு விவகாரம், வெளிநாட்டு விவகாரம் என்று அவர் பிரித்துப் பார்த்ததே இல்லை. மேல்மலைக் கிராமமான கவுஞ்சியில் ஒருவன் பூண்டை விற்க முடியாமல் வீட்டில் குவித்து வைத்திருந்தால், அதற்கு ஒரு முனை எங்கோ ஒரு நாட்டின் எல்லையில் இருக்கும் என்பார்.

நான் எழுதிக் கொண்டுபோகிற ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். "இது யாரு பாத்தது?" பத்திரிகையில் வந்தது என்றால் அந்த வரியை அடித்துவிடுவார். ஆள் சொன்னார் என்றால் அந்த ஆளோடு பேச வேண்டும் என்பார். நான் பார்த்தேன் என்றால்தான் விரல் அடுத்த வரிக்குப் போகும்.

செல்லாயியை நான் பார்த்தது ஐயாவின் இரண்டாவது பதவிக்காலத்தில். அய்யம்பாளையத்தில் ஐயா மனு வாங்கிக்கொண்டிருந்தார். ஆடலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். அறுபதை நெருங்கிய பெண். கையில் மனு இல்லை.

"தங்கச்சி, எனக்கு ஒரு பாஸ்போட்டு எடுத்துத் தரணும்."

"எங்க போறதுக்குக்கா?"

"அக்காவப் பாக்க. இலங்கையில தோட்டத்துல இருக்கா. படுத்த படுக்கையா கெடக்கா. பேரப்பய போனுல மூஞ்சியக் காட்டுறான். அதான் பாத்தாச்சே, இன்னும் என்னங்கிறாங்க. மூஞ்சியப் பாத்தா ஆச்சா?"

அவள் கதை இதுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த நம் ஆட்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று இரண்டு அரசாங்கங்களும் ஒரு காலத்தில் பேசி முடித்தன. செல்லாயியின் அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். கல்யாணமாகியிருந்த அக்கா புருஷன் வீட்டோடு அங்கேயே இருக்க எழுதிக் கொடுத்தாள். கப்பல் ஏறுவதற்கு முந்தின மாதம் அப்பா இறந்துபோனார். ஆறு வயசுப் பிள்ளையைச் சித்தப்பா கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். குடும்பத்துக்கே ஒரே பாஸ்போர்ட். அது சித்தப்பாவிடம் இருந்தது. மேல்மலையில் மரப்பட்டை உரிக்கிற வேலைக்குப் போன இடத்தில் குடிசை தீப்பிடித்து அதுவும் போனது. இப்போது அவளிடம் ரேஷன் அட்டை இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது. பிறந்த இடம் இலங்கை என்று எழுதியதும் குடியுரிமைக்கு என்ன ஆதாரம் என்று கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள்.

"ஓட்டுப் போடுறேன் தங்கச்சி. ஐயாவுக்கும் போட்டேன். ஆனா நான் இந்த ஊரு ஆளு இல்லங்கிறாங்க" என்றாள்.

ஐயா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். தனி ஒருவருக்காக அவையில் கேள்வி கேட்க விதியில் இடமில்லை. இவளைப் போல் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துவரச் சொன்னார்.

ஐப்பசி மழையில் போனேன். தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போகிற பாதையெல்லாம் வழுக்கிக் கிடந்தது. முதல் லயத்தின் முதல் வீடு பெருமாள் என்ற பெரியவருடையது. அவர் பெயர்தான் பட்டியலில் முதலில் ஏறியது. "குடியுரிமைப் பத்திரம் இருக்குங்களா?" என்று கேட்டேன். "அப்பிடி ஒண்ணும் கெடையாதுங்கம்மா" என்றார். இல்லை என்று குறித்துக்கொண்டேன். இரண்டாவது பெயர் செல்லாயி. இப்படியே மூன்று நாள், வாசலில் நின்றபடியே குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டு எழுதினேன். மழை வலுப்பதற்குள் மலையிறங்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

பட்டியலை ஐயா மேசையில் வைத்தேன். விரலை வைத்தார். "இது யாரு பாத்தது?"

"நான் பாத்தேங்கய்யா."

பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை. ஆட்களைப் பார்த்திருந்தேன்.

பட்டியல் ஒரு கடிதத்தோடு உள்துறை அமைச்சகத்துக்குப் போனது. அது கிடைத்தது என்று ஒரு வரி வந்ததோடு சரி. அதன் பிறகு கேள்வியை எழுதிக் கொடுத்தோம். தாயகம் திரும்பியவர்களில் ஆவணம் இல்லாமல் தவிப்பவர்கள் இருப்பது அரசுக்குத் தெரியுமா. தெரியுமென்றால் அவர்களுக்கு என்ன செய்யப்பட்டது. அக்காலப் பதிவேடுகளைக் கேட்டு இலங்கை அரசோடு பேசப்பட்டதா. மூன்று பகுதிகள். குலுக்கலில் மூன்றாவது இடம் விழுந்தது. அந்தப் பத்து வருஷத்தில் எங்களுக்கு அவ்வளவு மேலே விழுந்தது அந்த ஒரு தடவைதான்.

டெல்லியில் ஐயாவின் குடியிருப்புக் கூடத்தில் நான் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தேன். அப்படிப்பட்ட புகார் எதுவும் வரவில்லை என்று அமைச்சர் பதிலளித்தார். ஐயா எழுந்தார். மொழிபெயர்ப்புக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் தமிழில் பேசினார். பெயர்ப் பட்டியலோடு கடிதம் கொடுத்து மாதங்கள் ஆகின்றன, அது புகார் இல்லையா என்று கேட்டார்.

அமைச்சர் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். உறுப்பினரின் பட்டியலில் முதல் பெயராக இருப்பவருக்குப் பல வருஷங்களுக்கு முன்பே குடியுரிமைச் சான்று வழங்கப்பட்டுவிட்டது, இதோ நகல் என்று அதை உயர்த்திக் காட்டினார். உறுப்பினர் தம்முடைய பட்டியலைத் தாமே படித்துப் பார்த்தாரா என்று கேட்டார். ஆளுங்கட்சி வரிசைகளில் மேசையைத் தட்டினார்கள்.

இரண்டாவது துணைக்கேள்விக்கு ஐயாவை அழைத்தார்கள். எழுந்து சொன்னார்.

"அமைச்சர் சொன்னது உண்மையாக இருந்தால் என் பட்டியலின் முதல் பெயர் தவறு. அந்தத் தவறு என்னுடையது. அவையிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். என்னை மடக்குவதற்காக ஒரு தோட்டத் தொழிலாளியின் காகிதத்தை இந்த அரசு தேடி எடுத்திருக்கிறது. அப்படியானால் தேடுவதற்குப் பதிவேடு இருக்கிறது, தேட ஆட்களும் இருக்கிறார்கள். இரண்டாவது பெயரையும் அதே அக்கறையோடு தேடுவீர்களா? இங்கே இல்லையென்றால் இலங்கையிடம் கேட்டு வாங்குவீர்களா?"

அவை கொஞ்சம் அடங்கியது. அமைச்சர் அதிகாரிகளின் பக்கம் திரும்பிப் பார்த்தார். தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும், தேவைப்பட்டால் அண்டை நாட்டு அரசோடும் பேசப்படும் என்றார். கேட்கிறவர்களுக்கு அது நழுவுகிற பேச்சாகத் தெரியலாம். அவை விதிப்படி அது உறுதிமொழி. நிறைவேற்றும்வரை கோப்பை மூட முடியாது.

ஐயா வீட்டுக்கு வந்ததும் என் குறிப்பேட்டைக் கேட்டார். முதல் பக்கத்தைத் திருப்பினார்.

"இல்லைன்னு எழுதியிருக்க. யாரு சொன்னா?"

"பெருமாள்தாங்கய்யா சொன்னாரு."

"அவரு பெட்டியத் தொறந்து பாத்தியா?"

"இல்லைங்கய்யா."

குறிப்பேட்டை மூடி மேசையில் வைத்தார். "பாத்தேன்னு நீ சொன்னப்ப, என்னத்தப் பாத்தேன்னு நான் கேட்டிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குள் கட்சியின் மூத்தவர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். இந்தப் பக்கப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்டது. "ஆமாண்ணே... வருத்தம் சொன்னேன்... இல்லண்ணே, ஆபீசுல ஆரோ தப்பு பண்ணிட்டாங்கன்னு அறிக்கை விட முடியாது. எந்திரிச்சு நின்னது நான்." மறுநாள் பத்திரிகைகளில் அந்த வருத்தம் மட்டும் செய்தியாக வந்தது. உறுதிமொழியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தார். "மொதல்ல பெருமாளப் போய்ப் பாரு. அதுக்கப்பறமும் குடுக்கணும்னு தோணுனா குடு" என்று திருப்பித் தந்தார்.

பெருமாளின் தகரப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதற்குள் தோட்டத்துச் சீட்டுகளோடு நான்காக மடித்த ஒரு தாள். விரித்தேன். குடியுரிமைச் சான்றேதான். ஓரங்கள் பழுப்பேறியிருந்தாலும் முத்திரை தெளிவாகத் தெரிந்தது.

"எனக்கு எழுத்து தெரியாதுங்கம்மா. கப்பல்ல வந்து எறங்குன முகாமுல குடுத்த சீட்டுன்னு வச்சிருந்தேன்" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இதனாலயா ஐயாவுக்குத் தலகுனிவு?"

"உங்களால இல்லைங்க பெரியவரே. நான் கேக்க வேண்டியத ஒழுங்காக் கேக்கல."

அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் வெள்ளனே எனக்கு முன்னால் பாதையில் வந்து நின்றிருந்தார். அன்றிலிருந்து லயம் லயமாக என்னோடு நடந்தார். ஒவ்வொரு வீட்டிலும் அவர்தான் உள்ளே போய், "பெட்டியத் தொறந்து இந்தம்மாகிட்டக் காட்டுங்க. என்னய மாதிரி இல்லைன்னு சொல்லிப்புடாதீக" என்பார். இன்னும் சில வீடுகளில் சான்றுகள் கிடைத்தன. சுவாமி படத்துக்குப் பின்னால் ஒன்று. தலையணை உறைக்குள் ஒன்று. அந்தப் பெயர்களை எல்லாம் அடித்தேன். உண்மையிலேயே எதுவும் இல்லாதவர்களிடம் உட்கார்ந்து அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், எந்தப் பிரிவு, எந்தக் கங்காணியின் ஆட்கள் என்று கேட்டு எழுதினேன். செல்லாயிக்கு அப்பா பெயரும் தோட்டத்தின் பெயரும் தெரிந்திருந்தன. மற்றதெல்லாம் ஆற்றங்கரை, மாரியம்மன் கோயில், ஏழாம் நம்பர் லயம். அதையும் அப்படியே எழுதினேன்.

புதிய பட்டியல் பழையதில் பாதிகூட இல்லை. 'முன்பு கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், இதில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் நேரில் பார்க்கப்பட்டது' என்று எழுதி ஐயா கையெழுத்துப் போட்டார். ராஜினாமாக் கடிதத்தை நான் கிழித்துப்போட்டேன். அவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த தேர்தல் வந்தது. 'அவையில் மன்னிப்புக் கேட்டவருக்கா உங்கள் ஓட்டு' என்ற சுவரொட்டி பழனி அடிவாரத்திலிருந்து மலைமேலுள்ள பூம்பாறை வரை ஒட்டப்பட்டிருந்தது. ஐயா தோற்றார். அதனால்தான் தோற்றார் என்று யாரும் சொல்லவில்லை. காற்றே அந்தப் பக்கம் அடித்தது என்றார்கள். ஆனால் முடிவு வந்த அன்று என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்கு மறுவாரம் காரை எடுக்கச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனார். அது அவரைத் தோற்கடித்தவருடைய வீடு. வாசலில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். புதிய உறுப்பினர் பதறி எழுந்து வந்தார்.

"சொல்லிவிட்டிருந்தா நானே வந்திருப்பேனேண்ணே."

"சோலி என்னுது, நான்தான வரணும்" என்ற ஐயா கோப்பை நீட்டினார். "இதுல அரசாங்கத்தோட உறுதிமொழி ஒண்ணு நிக்குது. நான் இனிமே கேக்க முடியாது. நீங்க கேக்கலாம். உங்க கட்சி ஆட்சிதான், வெரசா நடக்கும்."

அவர் கோப்பைத் திறந்தார். சுவரொட்டியில் எதை வைத்து ஓட்டுக் கேட்டாரோ, அந்தக் கேள்விதான் முதல் பக்கத்தில் இருந்தது.

"சுவரொட்டி... பசங்க பண்ணுனதுண்ணே" என்றார்.

"அது கெடக்கட்டும். அவையில நான் கேட்ட அந்த ரெண்டாவது பேரு செல்லாயி. அந்தம்மாவோட அக்காவுக்கு ஒடம்பு ரொம்ப முடியல."

அந்த மனிதரைப் பற்றி நான் குறையாகச் சொல்ல முடியாது. கடிதங்களை நான் எழுதிக் கொண்டுபோனேன். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு தடவை அமைச்சகத்துக்கு நேரிலும் போனார். அங்கிருந்து வெளியுறவுக்கு, வெளியுறவிலிருந்து கொழும்பிலுள்ள தூதரகத்துக்கு, அங்கிருந்து எங்கோ மலைமேல் ஒரு தோட்டத்துப் பழைய அலுவலகத்துக்கு என்று தாள்கள் போய்க்கொண்டே இருந்தன. நான் அப்போது யாருடைய ஊழியரும் இல்லை. வீட்டில் இருந்தபடியே ஒவ்வொரு மாதமும் ஒரு நினைவூட்டல் எழுதினேன்.

கேள்வி கேட்டு ஐந்தாவது வருஷம் பதிவேட்டுப் பக்கத்தின் நகல் வந்தது. அப்பா பெயர் ஒரு எழுத்து பிசகியிருந்தது. அதற்குக் கீழே 'செல்லாயி, மகள், வயது ஆறு' என்று இருந்தது. கோப்பை மூடுவதற்காக அவையில் ஓர் அறிக்கை வைத்தார்கள். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் பட்டியலில் இருந்த பலருக்கு அந்த வருஷமே சான்று கிடைத்தது. சிலருக்கு இன்னும் வரவில்லை. பெருமாள் இதையெல்லாம் பார்க்கவில்லை. முந்தின மார்கழியில் காலமாகியிருந்தார். ஐயாவிடம் தொலைபேசியில் சொன்னேன். வயலில் நின்றிருந்தார் போலிருக்கிறது, காற்று இரைந்தது. கேட்டுவிட்டு, வராதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார்.

செல்லாயி பாஸ்போர்ட் வாங்கி, மதுரையிலிருந்து விமானம் ஏறிப் போனாள். பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தாள். வந்ததும் செண்பகனூரில் என் வீட்டைத் தேடி வந்தாள். தேயிலைப் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்து வெயிலில் உட்கார்ந்தாள்.

"அக்கா எப்படியிருந்தாங்க?"

"உசுரோட இருந்தா. அதுவே பெருசு. மொத நாள் என்னய யாருன்னு தெரியல. ரெண்டாம் நாள் என் காலுல சின்னப்புள்ளையில பட்ட தழும்பத் தொட்டுப் பாத்துட்டுத்தான் அழுதா."

பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன்டி இம்புட்டு நாளா வரலன்னு அக்கா கேட்டா, தங்கச்சி. வர விடலக்கான்னேன். ஆரு விடலன்னு கேட்டா." செல்லாயி என்னைப் பார்த்தாள். "எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க படிச்சவங்க. ஆரு தங்கச்சி விடல?"

எந்தக் கேள்விக்கு எந்த இலாகா என்று பத்து வருஷம் பிரித்துப் பிரித்து எழுதியவள் நான். தெரியவில்லை அக்கா என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "தேத்தண்ணி போடுங்க" என்றாள்.